14 வருஷம் கணக்கு டீச்சர், இனி பூமி வியாபாரத்துக்கு வரலாமா? (கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம்)

#1 எல்லையோர டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். கேரளாவில், பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தனியார் பள்ளியில் 14 வருஷமாகக் கணக்கு எடுக்கிறேன். வயது 41. அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய். 2020-இல் பள்ளி மூடியிருந்தபோது ஏழு மாதம் பாதிச் சம்பளம்தான் வந்தது. மீதியைப் பிறகு தருவதாகச் சொன்னார்கள், இன்றுவரை வரவில்லை. பையன் பிளஸ் ஒன் போகிறான். இந்தச் சம்பளத்தை வைத்து அவனைக் கல்லூரிக்கு அனுப்ப முடியாது என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது.

பூமி வியாபாரம் என்ற எண்ணம் வந்தது இப்படி. போன ஐப்பசியில் என் சித்தி அவருடைய தென்னந்தோப்பை விற்றார். வாங்கியவர் பொள்ளாச்சிக்காரர், நல்ல மனிதர், ஆனால் மலையாளம் ஒரு எழுத்துக்கூடப் படிக்க வராது. நடுவில் இருந்த புரோக்கருக்கும் அரைகுறைதான். ஆதாரத்தை (தமிழ்நாட்டில் பத்திரம் என்பார்களே, அது) என்னிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னார்கள். ஆதாரத்தில் 50 சென்ட் என்று இருக்கிறது. கரம் (பூமி வரி) கட்டிய ரசீதில் 18.60 ஆர். ஒரு ஆர் என்றால் 2.47 சென்ட். பெருக்கிப் பார்த்தால் 46 சென்ட்கூட முழுசாக வரவில்லை. அரசு மறுபடி அளந்த ரீசர்வேயில் நாலு சென்ட் எங்கேயோ போயிருக்கிறது. நான் அதைச் சொன்னதும் சித்தப்பாவுக்கு என்மேல் கோபம். அப்புறம் சர்வேயரை வைத்து அளந்தார்கள், 46 சென்டுக்கு விலை பேசி முடித்தார்கள். வாங்கியவர் போகும்போது, "டீச்சர், இன்னொரு இடம் பார்த்திருக்கிறேன், அதன் பேப்பரையும் நீங்களே பார்த்துத் தர முடியுமா?" என்று கேட்டார். அதிலிருந்து இந்த யோசனை மனதில் உட்கார்ந்துவிட்டது.

வேலையை விடலாமா? பெண் ஒருத்தி இந்தத் தொழிலில் நிற்க முடியுமா? வருமானம் எப்படி? தெரிந்தவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

#2 கரிசல் பூமி

டீச்சர், வாங்க. நான் 19 வருஷமாக வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோபாலபுரம், அந்தப் பக்கம் கிணத்துக்கடவு வரைக்கும் பூமி, தோட்டம், சைட்டு எல்லாம் பார்க்கிறேன். முதலில் வருமானத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் தப்பாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

ஒரு சென்ட் ஒன்றரை லட்சம் என்று வைத்து, 10 சென்ட் சைட்டு 15 லட்சத்துக்கு முடிகிறது. 2 சதவீதம் கமிஷன் என்றால் 30,000. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இடத்தைக் காட்டியது ஒருவர், பார்ட்டியைக் கொண்டுவந்தது ஒருவர், நடுவில் போன் நம்பர் கொடுத்தது ஒருவர். மூன்றாகப் பிரித்தால் உங்கள் கைக்கு 10,000. அந்தப் 10,000-க்கு முன்னால் எட்டுப் பேரைக் கூட்டிப்போய்க் காட்டியிருப்பீர்கள், நான்கு மாதம் ஆகியிருக்கும், பெட்ரோல் உங்களுடையது. முதல் வருஷம் எனக்கு முடிந்தது மூன்று. அதில் ஒன்றின் கமிஷன் வரவே இல்லை. பத்திரம் முடிந்த நாளில் சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸ் வாசலிலேயே வாங்கவில்லை என்றால் பிறகு போனை எடுக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பூமிக்காரர் சென்டுக்கு ஒன்றே கால் கேட்பார். புரோக்கர் வாங்குகிறவரிடம் ஒன்றரை என்று சொல்வார். மேலே உள்ள கால் லட்சம் அவருக்கு. "மேல் வைத்து விற்பது" என்று சொல்வோம். நிறையப் பேர் இப்படித்தான் வாழ்கிறார்கள். நானும் ஆரம்பத்தில் இரண்டு முறை செய்தேன். பத்திரம் எழுதும் அன்று இரண்டு பார்ட்டியும் நேருக்கு நேர் பேசிக்கொண்டபோது என் முகத்தைப் பார்த்தார்கள், அதற்குப் பிறகு செய்யவில்லை. நீங்கள் வருவதாக இருந்தால் இதை ஒருநாளும் செய்யாதீர்கள்.

ஆறு மாதம் வீட்டுச் செலவுக்குப் பணம் தனியாக இல்லாமல் பள்ளியை விட வேண்டாம். ஒரு வருஷத்துக்கு இருந்தால் இன்னும் நல்லது.

#3 புழையோரம்

மன்னிக்கவும், எனக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. நம் ஊரில் டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் எதிர்க்கேள்வி கிடையாது. நான் படித்த காலத்தில் அம்மா எந்தக் காகிதம் வந்தாலும் ஸ்கூலுக்குத்தான் எடுத்துக்கொண்டு போவார். பேங்க் லெட்டர், கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், ரேஷன் கார்டு விண்ணப்பம் எல்லாமே. டீச்சர் படித்துச் சொல்லுவார், அம்மா நம்புவார். காசு நடுவில் வராததால்தான் அந்த நம்பிக்கை. நாளை நீங்கள் "இந்த இடம் நல்ல இடம்" என்று சொல்லும்போது, கமிஷனுக்காகச் சொல்கிறாரோ என்று அந்த அம்மா யோசிக்க ஆரம்பித்துவிடுவார். உங்களை நோகடிக்கச் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

#4 எல்லையோர டீச்சர்

புழையோரம், நீங்கள் சொன்னதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். சித்தி வீட்டு விஷயத்தில் நான் ஒரு ரூபாய் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அந்த நாலு சென்டைப் பற்றிச் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் நம்புகிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்கே வருகிறது என்பதை மறைக்க மாட்டேன்.

#5 சத்தியவேடு சார்

தலைப்பில் இருந்த ஊர்ப்பெயரைப் பார்க்காமல், யாரோ சித்தூர் தாலுகா என்று சொன்னதாகக் கேட்டு எங்கள் சித்தூர் என்று நினைத்து உள்ளே வந்தேன். உங்களுடையது பாலக்காட்டுச் சித்தூர். நான் ஆந்திராவில், 2022-இல் புது மாவட்டங்கள் பிரிந்தபோது சித்தூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போன சத்தியவேட்டில் இருக்கிறேன். எங்கள் வீட்டிலும் தெருவிலும் தமிழ்தான். ஜூனியர் காலேஜில் பிசிக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவன், 2018-இல் விட்டுவிட்டு மனை விற்கப் போனேன். ஊர் மாறினாலும் கதை ஒன்றுதான், அதனால் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் வந்த பிறகு தடா, வரதய்யபாளையம், சத்தியவேடு எங்கும் லேஅவுட். சென்னையிலிருந்து காரில் வந்து பார்ப்பார்கள். ஒரு நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது: என் திறமைக்காகக் கூப்பிடவில்லை, என் கைபேசியில் இருந்த பெற்றோர்களின் நம்பருக்காகக் கூப்பிட்டார்கள். முதல் மாதமே "உங்கள் பழைய மாணவர்கள் லிஸ்ட் போடுங்கள் சார்" என்றார்கள். போட்டுக் கொடுத்தேன்.

அந்த லேஅவுட்டின் கிழக்கு ஓரம் ஆறு மனை டி.கே.டி. பட்டா பூமியில் விழுந்திருந்தது. அரசு ஏழைகளுக்கு ஒப்படைத்த பூமி அது. ஆந்திராவில் 1977-ஆம் வருஷத்துச் சட்டப்படி அப்படிப்பட்ட பூமியை விற்பதற்குத் தடை. அதில் 20 வருஷம் கடந்த ஒப்படைப்புகளுக்கு 2023-இல்தான் ஒரு திருத்தம் வந்தது. நான் விற்றது அதற்கு முன்பு. பதிவுக்குப் போனபோது சர்வே நம்பர் பதிவுக்குத் தடை உள்ள 22ஏ பட்டியலில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அட்வான்ஸ் கொடுத்த ஆறு பேரில் இருவர் என் மாணவர்களின் அப்பாக்கள். ஒருவர் கல் உடைக்கிறவர். நிறுவனம் இன்று நாளை என்று இழுத்தது. அவர் என்னைத் திட்டவில்லை. "சார், நீங்க சொன்னீங்கன்னுதான் கொடுத்தேன்" என்று மட்டும் சொன்னார். மூன்று வருஷம் டியூஷன் எடுத்து அந்த இரண்டு பேருக்கும் என் கையிலிருந்து கொடுத்து முடித்தேன். இப்போது மறுபடியும் பாடம்தான் நடத்துகிறேன்.

டீச்சர், நான் பூமிப் பதிவேடுகளான அடங்கலையும் ஒன் பி-யையும் ஒரு நாள் எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தெலுங்கு எனக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். படிக்கவில்லை. பரீட்சைத் தாளில் அரை மார்க்குக்கு மூன்று தரம் திருத்திப் பார்க்கிறவன், ஒரு குடும்பத்தின் சேமிப்பை ஒரு கலர் நோட்டீசை நம்பி வாங்கிக் கொடுத்தேன்.

#6 எழுத்தாபீஸ்

சத்தியவேடு சார் எழுதியதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத மனம் வரவில்லை. இன்றுதான் எழுதுகிறேன். நான் பாலக்காட்டுச் சித்தூரில் ஆதாரம் எழுதும் ஆபீஸில் இருக்கிறேன். 26 வருஷம். டீச்சர், உங்களுக்கு இந்தத் தொழிலில் இடம் இருக்கிறது என்றால் அது ஒரே ஒரு காரணத்தால்தான்: உங்களுக்கு இரண்டு எழுத்தும் தெரியும். அதை விளக்கமாகவே சொல்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் "நிலம்" என்ற சொல்லைப் பார்த்ததும் பூமி என்று நினைத்துக்கொள்வார். கேரள வில்லேஜ் ரெக்கார்டில் நிலம் என்றால் நெல்வயல். வீடு கட்டக்கூடிய மேட்டுப் பூமிக்குப் பெயர் புரையிடம். ஒரே சொல், இரண்டு பக்கமும் இருக்கிறது, அர்த்தம் வேறு. இந்த ஒரு சொல்லால் பணத்தை முடக்கிவிட்டு நிற்கிறவர்களை நான் மாதாமாதம் பார்க்கிறேன். நேரில் போய்ப் பார்த்தால் தென்னை நிற்கும், முப்பது வருஷ மரம், வயலின் அடையாளமே இருக்காது. ரெக்கார்டில் மட்டும் நிலம். அங்கே பஞ்சாயத்து வீட்டுக்குப் பெர்மிட் தராது.

2008-இல் நெல்வயல், தண்ணீர்த்தட (ஈரநில) பாதுகாப்புச் சட்டம் வந்தது. வயல்களைப் பட்டியல் போட்டு டேட்டா பேங்க் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு சர்வே நம்பரைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். ரெக்கார்டில் நிலமா, புரையிடமா? நிலம் என்றால், டேட்டா பேங்கில் இருக்கிறதா, இல்லையா? டேட்டா பேங்கில் தப்பாகச் சேர்ந்திருந்தால் வருவாய்க் கோட்டத்தைப் பார்க்கிற ஆர்.டி.ஓ.விடம் பாரம் 5 கொடுக்க வேண்டும். கிருஷி (வேளாண்மை) ஆபீசர் ரிப்போர்ட் வேண்டும், 2008-இல் அங்கே வயல் இருந்ததா என்பதற்குச் செயற்கைக்கோள் படம் கேட்பார்கள். டேட்டா பேங்கில் இல்லாமல் ரெக்கார்டில் மட்டும் நிலம் என்று இருந்தால், 50 சென்ட் வரைக்கும் பாரம் 6, அதற்கு மேல் பாரம் 7. 2017 டிசம்பர் 30-ஆம் தேதி நிலவரப்படி 25 சென்டுக்குள் இருந்த துண்டுக்குக் கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால், ஒரு ஏக்கர் வரைக்கும் அரசு அந்தப் பூமிக்கு வைத்திருக்கிற நியாய விலையில் 10 சதவீதம் கட்ட வேண்டும். "அதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம் சார், ஒரு மாதத்தில் ஆகிவிடும்" என்று ஒரு புரோக்கர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். அது ஒரு மாதத்தில் ஆகிற வேலை இல்லை, ஆகும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை.

அப்புறம் பேப்பர்கள். தமிழ்நாட்டில் பத்திரம் என்றால் இங்கே ஆதாரம். மூலப்பத்திரம் இங்கே முன்னாதாரம். வில்லங்கச் சான்று இங்கே குடிக்கடம், 30 வருஷத்துக்குப் பார்ப்பது வழக்கம். பட்டா மாறுவதற்கு இங்கே போக்குவரவு என்று பெயர். அது நடந்திருக்கிறதா என்பது தண்டப்பேரை, அதாவது வில்லேஜ் ஆபீஸில் உள்ள வரிக் கணக்கைப் பார்த்தால் தெரியும். நடப்பு வருஷக் கரம் ரசீதும் வில்லேஜ் ஆபீசர் தரும் கைவச (அனுபவ) சர்டிபிகேட்டும் வேண்டும். ரசீதில் பெயர் யாருடையது, ஆதாரத்தில் பெயர் யாருடையது, இரண்டும் ஒன்றா என்பதை விரல் வைத்துப் பார்க்க வேண்டும். பாகம் பிரித்த குடும்பம் என்றால் ஒழிமுறி (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம்) எழுதிக் கொடுக்காத அக்கா தங்கை யாராவது கோயம்புத்தூரில் இருக்கிறார்களா என்று அக்கம்பக்கத்தில் கேட்க வேண்டும். இது எந்தக் காகிதத்திலும் இருக்காது. இங்கேதான் ஊர்க்காரி என்பது உதவும்.

செலவையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேரளாவில் முத்திரைக் கட்டணம் 8, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 10 சதவீதம். தமிழ்நாட்டில் 7-ம் 2-ம் சேர்த்து 9. அங்கிருந்து வருகிறவர்கள் அந்தக் கணக்கிலேயே வருவார்கள், கடைசி நாளில் முகம் மாறும்.

டோக்கன் அட்வான்சை ரொக்கமாக வாங்குவதும் கொடுப்பதும் இங்கே சர்வசாதாரணம். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பேங்க் வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் எந்தக் காரணத்துக்கும் வாங்காதீர்கள்.

#7 கரிசல் பூமி

எழுத்தாபீஸ் அண்ணா சொன்ன அந்த நிலம், புரையிடம் விஷயத்தை நான் தொழிலுக்கு வந்து நாலாவது வருஷம்தான் தெரிந்துகொண்டேன். அதுவரைக்கும் எனக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குள் விற்றதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

எங்கள் பக்கத்தில் இன்னொரு விஷயம், தண்ணீர். மழை மறைவுப் பூமி. கேரளா என்றதும் பச்சைப் பசேல் என்று நினைத்து வருவார்கள். இங்கே வந்தால் கரிசல் மண், பனைமரம். ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தறை தடுப்பணை வழியாக வந்து வாய்க்காலில் விட்டால்தான் தோப்பு. எந்தத் தோப்பைக் காட்டினாலும் மாசி, பங்குனியில் போர்வெல் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று அந்தத் தோப்பில் வேலை செய்கிறவரிடம் கேளுங்கள். முதலாளியிடம் கேட்காதீர்கள்.

#8 பெயர் வேண்டாம்

கஞ்சிக்கோட்டில் ஐ.ஐ.டி. இருக்கிறது, இப்போது தொழில் நகரமும் வருகிறதே. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. கஞ்சிக்கோட்டுப் பக்கத்துப் புதுசேரி பஞ்சாயத்தில் வாங்கிப் போட்டு விற்றால் டீச்சருக்கு ஒரே வருஷத்தில் பத்து வருஷச் சம்பளம் வந்துவிடுமே?

#9 கரிசல் பூமி

தம்பி, அப்படி வாங்கிப் போட அவரிடம் பணம் இருந்தால் இங்கே கேட்டிருக்கவே மாட்டார். கடன் வாங்கிப் போட்டவர்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். திட்டம் வருவது உண்மை. எந்தச் சர்வே நம்பருக்கு ரோடு வரும் என்பது எனக்கும் தெரியாது, சொல்கிறவனுக்கும் தெரியாது.

#10 கணக்குப்பிள்ளை

பாலக்காட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறேன். எல்லாரும் புது வேலையைப் பற்றிப் பேசுகிறீர்கள், பழைய வேலையில் டீச்சருக்கு வர வேண்டியதை யாரும் சொல்லவில்லை.

தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும் என்று ஆக்கினார்கள். பள்ளிகள் வழக்குப் போட்டன, 2022-இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் சரி என்று சொல்லிவிட்டது. ஐந்து வருஷம் முடித்திருந்தால் நாமாக ராஜினாமா செய்தாலும் கிடைக்கும். கடைசிச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருஷத்தால் பெருக்க வேண்டும். உங்களுக்கு 18,000 என்றால் 1,45,384 ரூபாய். எழுதிக் கேளுங்கள், வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். 30 நாளில் தர வேண்டும். தரவில்லை என்றால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம்.

பி.எஃப். பணத்தை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். 10 வருஷம் தாண்டிவிட்டதால் 58 வயதில் உங்களுக்குச் சின்னதாக ஒரு பென்ஷன் இருக்கிறது. அதற்கான சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கிற அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: வேலையில் இருந்துகொண்டே இந்தத் தொழில் செய்யக் கூடாது, நடத்தை விதி தடுக்கிறது. மனைவி பெயரில் செய்கிறேன் என்று வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், நன்றாக முடியவில்லை.

#11 எல்லையோர டீச்சர்

கணக்குப்பிள்ளை சார், 14 வருஷத்தில் இந்த வார்த்தையை எங்கள் ஸ்டாஃப் ரூமில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நாளைக்கே மற்ற டீச்சர்களிடம் சொல்கிறேன். எங்களுடன் இருந்த ஒரு டீச்சர் 22 வருஷம் வேலை பார்த்துவிட்டு ஒரு சால்வையுடன் வீட்டுக்குப் போனார். அவரிடமும் சொல்ல வேண்டும்.

#12 ஆனைமலைக்காரி

பெண் நிற்க முடியுமா என்று கேட்டீர்கள், யாரும் பதில் சொல்லவில்லை. நான் ஒன்பது வருஷமாக நிற்கிறேன். பொள்ளாச்சி, ஆனைமலை, இந்தப் பக்கம் கோவிந்தாபுரம், முதலமடை மாந்தோப்புகள் வரைக்கும்.

இடம் காட்டப் போவது காலையில், ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள். சாயந்திரம் தோப்புக்குள் போவதில்லை, யார் கூப்பிட்டாலும். வாங்குகிறவர் காரில் ஏற மாட்டேன், என் ஸ்கூட்டி முன்னால் போகும், அவர் பின்னால் வருவார். முதல் தடவை வருகிறவரை வீட்டுப் பெண்களையும் கூட்டிவரச் சொல்வேன். பாதிப் பேர் அதிலேயே கழன்றுவிடுவார்கள், நல்லதுதான். வீட்டுப் பெண் வந்தால் கேட்கிற கேள்வியே வேறு. ஸ்கூல் பஸ் வருமா, கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகுமா, இரவில் தெரு விளக்கு எரியுமா என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த புரோக்கர் எங்கள் பக்கம் குறைவு. அதனால்தான் எனக்கு வேலை இருக்கிறது.

பேச்சு முற்றும்போது ஆண்கள் நம்மை ஒதுக்கிவிட்டுத் தனியாகப் பேசி முடிக்கப் பார்ப்பார்கள். அதனால் ஆரம்பத்திலேயே கமிஷனை எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கிவிடுவேன். வெள்ளைக் காகிதம் போதும். எழுதச் சொன்னால் வெட்கப்படுகிறவரிடம் வேலை செய்ய மாட்டேன்.

மற்றபடி ரேரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு வீட்டுக்கு மேல் உள்ள திட்டங்கள் பதிவாக வேண்டும். 500 சதுர மீட்டர் என்பது 12 சென்டு சொச்சம்தான். அப்படிப்பட்ட சைட்டையோ ஃபிளாட்டையோ விற்றுக் கொடுக்கிற ஏஜென்டும் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் நாளுக்கு 10,000 ரூபாய் வீதம், அந்தச் சொத்து விலையில் 5 சதவீதம் வரைக்கும் அபராதம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிப் பதிவு. என்னிடம் தமிழ்நாட்டுப் பதிவு மட்டும் இருந்ததால் இரண்டு வருஷம் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் உள்ள லேஅவுட்டுகளைத் தொடவில்லை. இப்போது இரண்டும் இருக்கிறது.

#13 புழையோரம்

எல்லாவற்றையும் படித்தேன். என் எதிர்ப்பைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். டீச்சர் இடம் விற்பதில்தான் எனக்குச் சங்கடம். இடத்தின் பேப்பரைப் படித்துச் சொல்வதற்குக் கூலி வாங்குவதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. அம்மா எடுத்துக்கொண்டு போன காகிதத்தைப் படித்துச் சொன்ன அதே வேலைதானே. இடம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் ஒரே கூலி என்றால், "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு வாய் வரும்.

#14 எழுத்தாபீஸ்

புழையோரம் சொன்னது நல்ல வழி. ஒன்றே ஒன்று: டீச்சர் வக்கீல் இல்லை. "இந்த இடத்தின் பாத்தியதை சுத்தம்" என்று கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுக்கக் கூடாது. அது வக்கீலின் வேலை. ஆதாரத்தைத் தமிழில் சொல்வது, அளவை ஒத்துப் பார்ப்பது, நிலமா புரையிடமா என்று எடுத்துக் காட்டுவது, என்னென்ன பேப்பர் இல்லை என்று பட்டியல் போடுவது, அதை வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுப்பது. இவ்வளவு செய்தாலே போதும், இவ்வளவையும் இந்தத் தாலுகாவில் தமிழில் செய்து தருகிறவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. இப்போது நிறைய விவரம் "என்டே பூமி" தளத்திலேயே பார்க்கலாம், ஆனால் மலையாளம் தெரியாதவருக்கு அதனால் என்ன பயன்?

#15 சத்தியவேடு சார்

டீச்சர், இதைச் செய்யுங்கள். எனக்கு அன்றைக்கு அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இப்போது உங்களிடம் படிக்கிற பிள்ளைகளின் வீட்டுக்கு நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டாம். தேடி வந்தால் செய்யுங்கள்.

#16 எல்லையோர டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் அவரிடமும் பையனிடமும் இந்த இழை முழுவதையும் படிக்கச் சொன்னேன். மூன்று பேரும் சேர்ந்து எடுத்த முடிவு இது.

மார்ச் வரைக்கும் பள்ளியில் இருப்பேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை நடுவில் விட்டுப் போக மனம் வரவில்லை. அதற்குள் சனி, ஞாயிறுகளில் பேப்பர் பார்க்கும் வேலையை மட்டும் ஆரம்பிக்கிறேன். வேலை நியமன உத்தரவைத் தேடி எடுத்துப் பார்த்தேன், வெளியில் டியூஷன் எடுக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது, வேறு தடை இல்லை. இருந்தாலும் ஹெட்மிஸ்ட்ரஸிடம் வாயால் சொல்லிவிட்டேன். ஒரு சொத்துக்கு ஒரே கூலி, இடம் முடிந்தாலும் முடியாவிட்டாலும். வாங்குகிறவரிடம் மட்டும் வாங்குவேன், விற்கிறவரிடம் இல்லை. ஏப்ரலில் ராஜினாமாவும் கிராஜுவிட்டி மனுவும் ஒன்றாகக் கொடுப்பேன். கேரள ரேரா பதிவை அதற்குப் பிறகு, இடம் காட்டுகிற தைரியம் வந்தால் பார்ப்பேன். ஆனைமலைக்காரி அக்கா, அப்போது உங்களைத் தேடி வருவேன்.

என் வகுப்பில் இப்போது இருக்கிற பிள்ளைகளின் வீட்டில் தேடி வந்தால் கூலி வாங்காமல் பார்த்துக் கொடுப்பேன். இது பையன் சொன்னது.

சித்தியின் தோப்பை வாங்கியவர் சொன்ன அந்த இரண்டாவது இடத்தின் பேப்பர் நேற்று வந்தது. முதலமடையில் மாந்தோப்பு, இரண்டே கால் ஏக்கர். புரையிடம்தான், டேட்டா பேங்கில் இல்லை. ஆனால் ஒன்று உதைக்கிறது. ஆதாரத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் பெயர் இருக்கிறது. கரம் ரசீதில் அண்ணன் பெயர் மட்டும். விற்பதும் அண்ணன்தான். எழுத்தாபீஸ் அண்ணா, தம்பி ஒழிமுறி எழுதிக் கொடுத்திருந்தால் குடிக்கடத்தில் வந்திருக்க வேண்டும் அல்லவா? 30 வருஷத்துக்கு எடுத்தேன், வரவில்லை.

#17 எழுத்தாபீஸ்

வந்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால் எழுதியிருக்கலாம், அதனால் ஆதாரத்தின் வருஷத்தைப் பாருங்கள். ஆதாரம் 30 வருஷத்துக்கு உள்ளே என்றால் தம்பியின் பங்கு அப்படியே நிற்கிறது, போக்குவரவு மட்டும் எப்படியோ அண்ணன் பெயரில் ஏறியிருக்கிறது. வாங்குகிறவரை அட்வான்ஸ் கொடுக்காமல் நிறுத்தி வையுங்கள். சனிக்கிழமை காலையில் முன்னாதாரத்தையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு சித்தூர் வாருங்கள், தண்டப்பேர் ரெஜிஸ்டரை வில்லேஜ் ஆபீஸில் சேர்ந்து பார்க்கலாம்.

#18 எல்லையோர டீச்சர்

ஆதாரம் 2003. அவருக்குப் போன் செய்து நிறுத்திவிட்டேன். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன் அண்ணா.